மணக்காத நன்னாரி

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கர்ப்பிணியாக இருப்பதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. ஒரு பக்கம் சுக்கு, ஒரு பக்கம் மிளகு, எதிர்த்த குடோனில் ஏலக்காய், போதாக்குறைக்குப் படகுத்துறையிலிருந்து வரும் மீன் வீச்சம். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வாசனைக்காகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது நாலு மாதம் முடிந்து ஐந்து தொடங்கியும் குமட்டல் விட்டபாடில்லை. எழுந்ததும் முதல் வேலையாகத் துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவேன். "கொள்ளைக்காரி மாதிரி இருக்கே" என்பார் என் வீட்டுக்காரர். இருந்துவிட்டுப் போகிறேன்.

அவர் பெயர் இசக்கிராஜா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்தவர். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தது அவருடைய மூக்குதான். ஏலக்காயை உள்ளங்கையில் கசக்கி ஒரு தடவை மோந்தால் போதும், எந்த மலைச் சரக்கு, பழசா புதுசா, எதையாவது கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். கடைத்தெருவில் மூக்கன் ராஜா என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலும் அந்த மூக்கால் எனக்கு நிம்மதி கிடையாது. படியின் அடியில் நின்றுகொண்டே, "சாளைக் குழம்பா? புளி கூடிப்போச்சே" என்று சத்தம் போடுவார். போன கார்த்திகை மழையில் ஒரு காய்ச்சல் வந்து எழுந்ததிலிருந்து அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பாவாகப் போகிறோம் என்று மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெண்டாட்டி சமையலைக் குறை சொல்வதை விட்டதற்கு யாராவது காரணம் தேடுவார்களா?

இதற்கு முன் ஒன்று உண்டாகி மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்கு இருமினால் பயம், தும்மினால் பயம், படியிறங்கினால் பயம். குழந்தை இன்னும் அசையத் தொடங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் அசையும் என்கிறார்கள். அதற்காகப் பகலெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, வாசலில் ஆள் வருகிறதா என்று பார்ப்பவளைப் போலக் காத்திருந்தேன்.

சாயாவும் காப்பியும் எனக்கு ஆகவில்லை. நீர்க்கடுப்பு வேறு சேர்ந்துகொண்டது. நன்னாரி வேரைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கருப்பட்டி கரைத்துச் சாயா மாதிரிச் சுடச்சுடக் குடிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். டாக்டரிடம் கேட்டேன், அளவோடு குடி என்றார். வேர் வாங்குவது வீட்டுக்காரர் வேலை. இரண்டு கட்டிடம் தள்ளி இஸ்மாயில் இக்காவின் அங்காடிமருந்துக் கடை, அதாவது நாட்டு மருந்துக் கடை, இருக்கிறது. அங்கே நன்னாரி கேட்டால் உடனே நிறுத்துத் தர மாட்டார்கள். ஒரு துண்டை ஒடித்து நம் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். நாம் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் தராசு ஏறும். அந்தக் கடைக்குள் இந்த நிலைமையில் நான் போனால் வாசற்படியிலேயே வாந்தி எடுத்துவிடுவேன். அதனால்தான் அவர் போனார்.

அன்றைக்குக் காலையில் அடுப்பில் வேர் கொதித்துக்கொண்டிருக்கும்போது மாடத்தியக்கா மாவுத் தூக்கோடு மேலே வந்தாள். கீழ்வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்பவள். எனக்கு இந்த ஊரில் அம்மா, அக்கா, நாத்தனார் எல்லாம் அவள்தான். நாத்தனார் வேலையைத்தான் கொஞ்சம் கூடுதலாகச் செய்வாள்.

"ஏட்டி மகா, அடுப்புல என்ன கொதிக்குது?"

"நன்னாரிதான்க்கா."

"நன்னாரியா? நன்னாரி கொதிச்சா கீழ எம் மாவுச் சட்டி வரைக்கும் மணக்கணும்லா. போன வாரம் மணந்துச்சே. இப்ப பக்கத்துல வந்து நிக்கேன், ஒரு வாசமும் காணோம்."

எனக்குச் சுருக்கென்றது. "பழைய வேரா இருக்கும்" என்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குத் தின்ற சோறு செரிக்காது.

அவள் என்னோடு பேச்சு வளர்க்கவில்லை. கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து ஊதி நாக்கு நுனியில் வைத்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய்த் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். திரும்பியபோது அவள் முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"இதைக் குடிச்சியா?"

"நேத்து சாயங்காலம் ஒரு டம்ளர். இன்னைக்கு விடிஞ்சதும் கொஞ்சம்."

"நாக்கு எரியலையா ஒனக்கு?"

எரிந்தது. நாக்கு எரிந்தது, தொண்டை எரிந்தது, நெஞ்சும் எரிந்தது. ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாத கர்ப்பிணியை எந்த ஊரில் பார்க்க முடியும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு, கருப்பட்டித் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். இப்போது துப்பட்டாவை அவிழ்த்தேன். மாவின் புளிப்பும் மீன் வீச்சமும் கீழே கொட்டிக் கிடக்கும் சுக்குத் தூசியும் ஒன்றாக மூக்கில் ஏறிக் குடலைப் புரட்டின. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு சட்டியின் மேல் குனிந்தேன். நன்னாரியின் வாசம் எனக்குத் தெரியாதா? சட்டியிலிருந்து நனைந்த மண்ணின் வாடை வந்தது. அதற்கு அடியில் மூக்கைக் குத்துகிற ஏதோ ஒன்று.

"என்ன வேர்க்கா இது?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்? வெந்து உப்பிப் போயிருக்கு. வேகாதது இருக்கா?"

பொட்டலத்தில் மிச்சமிருந்த அத்தனையையும் அன்று காலையில்தான் சட்டியில் கொட்டியிருந்தேன். வெறும் காகிதம்தான் கிடந்தது.

"தெரியாதுன்னா ஏன் துப்புனீங்க? சொல்லுங்கக்கா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கொடிவேலி மாதிரி இருக்குட்டி."

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு விஷத்தை எடுக்காமல் வைத்தியர்களே தொடாத வேர் அது. வேண்டாத கர்ப்பத்துக்கு அதைத் தேடிப் போய், வயிற்றிலிருந்ததோடு தன் உயிரையும் விட்ட ஒருத்தியின் கதை ஊருக்கு ஊர் இருக்கும். எங்கள் தெருவிலும் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் அவளை நான் பார்த்திருக்கிறேன்.

அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு இழுப்பு. அது உண்மையில் வந்ததா, அந்தப் பேரைக் கேட்டதால் வந்ததா என்று தெரியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன தடவையும் இப்படித்தான் ஒரு சின்ன இழுப்பில் தொடங்கியது.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மாடத்தியக்காவுக்கு என்ன தெரியும்?" என்றார். குரலில் எரிச்சல். "நான் மோந்து பாத்துதான வாங்கினேன். கமகமன்னு இருந்துச்சு. நீ பயப்படாம படு."

எனக்கு உயிர் வந்தது. மூக்கன் ராஜாவே சொல்லிவிட்டார். கப்பலேறிப் போகிற சரக்கை அவர் சொல்லை நம்பி அனுப்புகிறார்கள். ஒரு பிடி வேரில் தவறுவாரா? "அவரு மோந்து பாத்துட்டாராம்க்கா" என்றேன்.

"அவரு மூக்கு அவருகிட்ட இருக்கட்டும். எந் நாக்கு இன்னும் எரியுதே, அதுக்கு என்ன சொல்லுதே?" மாடத்தியக்கா செருப்பை மாட்டினாள். "கெளம்பு. பாய் கடையில கேட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம். என்ன வேருன்னு தெரிஞ்சாத்தான டாக்டரு வைத்தியம் பாப்பாரு?"

ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். அசையேன், ஒரு தடவை அசைந்து காட்டேன் என்று உள்ளே இருப்பதைக் கெஞ்சிக்கொண்டே இறங்கினேன். மாடத்தியக்கா எனக்கு முன்னால் இறங்கினாள். நான் விழுந்தால் அவள் மேல்தான் விழ வேண்டும்.

இஸ்மாயில் இக்கா கல்லாவில் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். நோன்பு மாதம். வெயிலோ மண்டையைப் பிளந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எந்தா மோளே, முகம் வெளுத்திருக்கு?"

மாடத்தியக்கா தூக்கில் கொண்டுவந்திருந்த வெந்த வேரைக் காட்டினாள். அவர் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"வெந்து போச்சே. இதுல நான் எந்து பறைய? ராஜா எடுத்த சரக்கு இல்லே? அவன் மோந்து எடுத்தா தப்பு வராது."

"நீங்க எடுத்துத் தரலையா இக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல மோளே. லாரியில வேனல் மழை அடிச்சு ரெண்டு சாக்கு நனைஞ்சு போச்சு. பையன்மார் மச்சுல காயப்போட்டு, கையில கிடைச்ச சாக்குல திரும்ப நிறைச்சு வச்சுட்டாங்க. ஒண்ணு நன்னாரி, ஒண்ணு கொடுவேலி. நோன்புக்காலம், வேர்த்தூசி தொண்டையில இறங்கும்னு நான் மச்சுல ஏறல்ல. பெருநாள் கழிஞ்சு தரம் பிரிக்கலாம்னு வச்சிருந்தேன். ராஜா வந்தான். உன் மூக்கு இருக்கும்போ எனக்கு எதுக்கு மூக்கு, மேல போயி மோந்து நோக்கி எடுத்துக்கோன்னு சொன்னேன். அவன் போயி எடுத்துட்டு வந்தான். வேற யாருக்கும் அதுல இருந்து கொடுக்கல்ல."

கொடிவேலியைத்தான் இங்கே கொடுவேலி என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாடத்தியக்கா என் தோளைப் பிடித்தாள்.

இஸ்மாயில் இக்கா அதற்குமேல் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். "இக்கா, தூசி" என்றேன். "நோன்பு பின்னேயும் பிடிக்கலாம்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. இரண்டு முறத்தில் இரண்டு சாக்கிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துவந்து மேசையில் வைத்தார். இரண்டும் மழையில் நனைந்து கறுத்து, ஒரே அளவில் வெட்டிய துண்டுகளாக இருந்தன. பார்வைக்கு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை ஒடித்து மோந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை மாடத்தியக்கா தடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க பாய். எடுத்தவரு வரட்டும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் வலது பக்கத்து முறம் நன்னாரி என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒடித்த துண்டிலிருந்து வாசம் கிளம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்ளும்படி குமட்டியது. என் சட்டியிலிருந்து இரண்டு நாளாக வராத வாசம்.

கடைப் பையன் போய்ச் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். பின்னாலேயே அவருடைய குடோன் மேனேஜர் கிருஷ்ணபிரசாத்தும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரும். மட்டாஞ்சேரியில் ஒருவர் ஓடினால் நாலு பேர் கூட ஓடுவார்கள்.

"மகா, என்ன செய்யுது?"

"என்னை விடுங்க. மச்சுல எந்தச் சாக்குல எடுத்தீங்க?"

"நன்னாரிச் சாக்குலதான்."

அவர் அதைச் சொன்ன வேகத்தில் எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது. இந்த ஒரு சொல் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எழுந்திருக்கக்கூடப் பார்த்தேன்.

மாடத்தியக்கா இரண்டு முறத்தையும் அவர் முன்னால் தள்ளினாள். "நன்னாரி எதுன்னு தொட்டுக் காட்டுங்க தம்பி. நாங்க போயிட்டு வாரோம்."

அவர் முறங்களைப் பார்த்தார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். எனக்குக் குமட்டுகிறது. என்னைவிட அவர் பக்கத்தில் நிற்கிறார். கையை நீட்ட வேண்டியதுதானே? நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தில் இறங்குகிறது. நீட்டுங்கள், நீட்டித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறத்தில் நன்றாக மூச்சை இழுத்தார். பிறகு அடுத்ததில். மறுபடியும் முதலாவதில். அவர் முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. படியடியில் சத்தம் நின்றது. ஊசிப்போன சாம்பாரை ஒன்றும் சொல்லாமல் பிசைந்து தின்றது. அடுப்பில் பால் தீய்ந்து புகைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தது. பொறுப்பு வந்துவிட்டதாம். நான் ஒரு மடச்சி.

அவர் நிமிர்ந்து கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"தெரியலை மகா."

"எது தெரியலை?"

"ஒண்ணும் தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கே இல்லை. வாசம்னு ஒண்ணு வாரதே இல்லை."

கிருஷ்ணபிரசாத் மெல்ல, "எந்தா ராஜா, நீ பறையுறது?" என்றார். நேற்றுவரை இவர் தலையாட்டி அனுப்பிய மூட்டைகளெல்லாம் அந்த மனுஷன் கண்முன் வந்திருக்கும். ஒரு சுமட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

"எந்தச் சாக்கு?" என்று கேட்டேன்.

"ஜன்னலோரம் இருந்தது. கை எட்டுனதுல எடுத்தேன்."

இஸ்மாயில் இக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "படச்சோனே. ஜன்னலோரம் கொடுவேலியாணு."

எனக்கு நாக்கு மறுபடி எரியத் தொடங்கியது.

ஆட்டோ ஓட்டியவன் பெயர் சந்தீப். பக்கத்து ஸ்டாண்டுப் பையன். மாடத்தியக்கா என்னை அணைத்தபடி ஏறினாள். அவரும் ஏற வந்தார். "ஏறாதீங்க" என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு மெதுவாக நான் அவரிடம் பேசியதில்லை. அவர் போய் டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒட்டிக்கொண்டார். இறங்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. சந்தீப் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "சேச்சி, பேடிக்கண்டா" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னான். பயப்படாமல் என்ன செய்வது? பள்ளத்தில் வண்டி தூக்கிப்போடும்போதெல்லாம் தொடைகளை இறுக்கிக்கொண்டேன். ஏதாவது ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கை துடித்தது. பார்க்கவும் பயம். கீழே காயலில் வாட்டர் மெட்ரோப் படகு வெள்ளை வெளேரென்று போய்க்கொண்டிருந்தது. அதில் யாரோ கைக்குழந்தையைத் தூக்கிக் கப்பல்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் அஞ்சனா டாக்டர் என்னை வரிசையில் உட்கார வைக்கவில்லை. மாடத்தியக்கா வேரின் பேரைச் சொன்னதுமே ஸ்கேன் அறைக்குள் அழைத்துப்போய்விட்டார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியை நகர்த்தினார். அழுத்தினார். மறுபடி நகர்த்தினார். முகத்தைச் சுளிக்கிறாரா, உற்றுப் பார்க்கிறாரா? போன தடவை வேறொரு டாக்டர் இப்படித்தான் ஒன்றும் பேசாமல் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்றார். இந்த அம்மாவும் கருவியைத் துடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியின் பேரும் வாயில் வரவில்லை. துடைக்காதீங்க, துடைக்காதீங்க என்பது மட்டும்தான் வந்தது.

அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். அறை முழுக்க டபடபவென்று சத்தம் கேட்டது.

"ஹார்ட் பீட் உண்டு" என்றார் டாக்டர். "கேட்டோ? நல்லா அடிக்குது."

அழுகை வந்து, வயிறு குலுங்கி, சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அது நின்றுவிட்டதோ என்று பயந்து அழுகையை நிறுத்தினேன்.

"ஆனா இப்ப ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது மகா. எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு தெரியாது. இங்க அட்மிட் ஆகணும். பெயினோ ப்ளீடிங்கோ வந்தா அந்த நிமிஷம் சிஸ்டர்கிட்ட சொல்லணும்."

அந்த வார்டில் கழிந்த நாட்களை எப்படிச் சொல்வது? கதவைத் தாழ் போட்டுவிட்டு, துணியைப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். பார்க்காமல் இருக்கும்வரை குழந்தை இருக்கிறது. பார்த்தால்? ஒவ்வொரு தடவையும் துணி சுத்தமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் அடுத்த தடவையை நினைத்துப் பயம் தொடங்கும். ராத்திரி பகல் என்றில்லாமல் இதே பிழைப்பாக இருந்தது. டெட்டால், பினாயில், பக்கத்துக் கட்டில்காரியின் மீன் பொரியல் எல்லாம் மூக்கில் ஏறின. நான் துப்பட்டாவைக் கட்டவில்லை. மூக்கை மூடியதற்குப் பட்டது போதும்.

அவர் வராந்தாவில் தரையிலேயே கிடந்தார். உள்ளே வரச் சொன்னால் வருவார், கட்டில் ஓரத்தில் நிற்பார். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே கேட்டேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"தெனமும் காலையில சோப்பை எடுத்து மோந்து பாப்பேன் மகா. இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு இருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூக்குப் போச்சுன்னா மறுபடியும் மூட்டைதான். பிள்ளை பொறக்கப்போற நேரத்துல அதை எப்படிச் சொல்ல? கண்ணாலயும் கையாலயும் பாத்துச் சமாளிச்சுட்டேன். வேரு வாங்கையிலயும் அதே மாதிரி சமாளிச்சுரலாம்னு நெனச்சேன்."

"சமாளிச்சீங்க" என்றேன். இன்னும் நாலு சொல் நாக்கில் நின்றது. அவர் கையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அது என் போர்வை நுனியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தது. மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம் இது. நான் மூக்கைக் கட்டிக்கொண்டேன், இக்கா தூசிக்குப் பயந்தார், இவர் இல்லாத மூக்கை இருப்பதாகக் காட்டினார். ஆனாலும் மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. வயிற்றிலிருப்பது மன்னித்தால்தான் நான் மன்னிக்க முடியும்.

வீட்டுக்கு வந்தோம். கிருஷ்ணபிரசாத் அவரை விரட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழுப்பிச் சாக்கு தைக்கும் இடத்துக்கு அனுப்பினார். இஸ்மாயில் இக்கா அந்த இரண்டு சாக்கையும் யாருக்கும் விற்காமல் எரித்துவிட்டாராம். இப்போது மதியம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் படியடியில் நின்று, "என்ன குழம்பு மகா?" என்று கேட்கிறார். நான் குமட்டலோடு மேலிருந்து சொல்கிறேன். வீட்டில் பால், தண்ணீர், சோறு எல்லாவற்றையும் நான் மோந்து பார்த்த பிறகுதான் இருவரும் வாயில் வைக்கிறோம். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் காலையும் மாலையும் குனிந்து மூச்சிழுப்பதைப் பார்த்து மாடத்தியக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஆனால் குழந்தை அசையவில்லை. அடுத்த ஸ்கேனிலும் சத்தம் கேட்டது, எல்லாம் சரி என்றார்கள், சிலருக்குத் தாமதமாகும் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யார் தலையாட்டினாலும் எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை, என் தலை உட்பட.

போன வெள்ளிக்கிழமை பால் பொங்கப் போகும் நேரம். திரிந்திருக்கிறதா என்று குனிந்து மோந்துகொண்டிருந்தேன். தொப்புளுக்குக் கீழே உள்பக்கமாக யாரோ விரலால் மெல்லச் சுண்டியதுபோல் இருந்தது. நான் அசையவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. மறுபடியும் ஒரு சுண்டல்.

பால் சீறிய சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். "என்னட்டி, என்ன செய்யுது? வலிக்குதா?" முகம் செத்துப்போயிருந்தது.

அடுப்பைத் திருகி அடைத்தேன். அவர் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடையில் முறத்தின் மேல் குனிந்து நின்ற அதே முகம், அதே புருவம், அதே வியர்வை. உள்ளே மூன்றாவது தடவையாகச் சுண்டியது.

"தெரியுதா?" என்றேன்.

தலையை ஆட்டிவிடுவார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் உள்ளங்கையை லேசாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இல்ல மகா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலை."

அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். "இருங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்ல ஒங்களுக்கும் தெரியும்."